ஊன்றிய கால்

போன ஐப்பசியில், கந்த சஷ்டிக்குப் பத்து நாள் இருக்கையில், ஒத்திகைக்கு நடுவே ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். எங்கள் தெருக்கோடி முருகன் கோவிலில் ஆறாம் நாள் இரவு பிள்ளைகள் சூரசம்ஹாரம் ஆடுவது வழக்கம். அவள்தான் அந்த வருஷத்து முருகன். மூங்கில் குச்சியில் வெள்ளிக் காகிதம் சுற்றிய அட்டையைச் செருகி வேல் செய்து கொடுத்திருந்தேன்.

"டீச்சர், எனக்குக் கோவமே வரல. அப்புறம் எப்படிக் குத்துறது?"

சலங்கை கட்டிக்கொண்டு இருபது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். மிருதங்கக்காரர் ஏழு மணிக்கு வேறு இடத்துக்குப் போயாக வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. "ஸ்கூல்ல உன்னை யாராச்சும் அடிச்சிருக்காங்களா? அதை நெனச்சுக்க" என்றேன்.

கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு ஆடினாள். அத்தனை நாள் வராத அழுத்தம் காலில் வந்தது. சுவரில் மாட்டியிருந்த நடராஜர் படத்தின் கண்ணாடி அதிர்ந்தது. வேல் பாய்ந்த வேகத்தில், சூரனாக நின்ற எட்டு வயதுப் பையனின் நெஞ்சில் அட்டை முனை கீறிவிட்டது. நானோ கையைத் தட்டி, "இதுதான்! இதுதான் வேணும்!" என்று கத்தினேன். ஆட்டம் முடிந்ததும் அவள் தூணோரம் போய் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். பள்ளி வேனில் கூட வரும் ஒரு பெரிய பையன் தினமும் காதைத் திருகுகிறானாம்; வீட்டில் சொன்னதே இல்லையாம். அவள் அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னேன். அந்தத் தொல்லை இரண்டு நாளில் தீர்ந்தது. ஆனால் மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு குழந்தையின் காயத்தைக் கிளறி, அதில் வழிந்ததை எடுத்து என் உருப்படிக்கு மெருகு பூசியிருக்கிறேன். 38 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு முன்னும் எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்!

அவள் கேட்டது சாமியைப் பற்றிய கேள்வி. அழிக்கிற கடவுளுக்குக் கோபம் வருகிறதா? வந்துதான் அழிக்கிறார் என்றால், நாம் கும்பிடுவது நம்மைவிடப் பலசாலியான ஒரு கோபக்காரரை. வராமல் அழிக்கிறார் என்றால் அந்த வலிமை எங்கிருந்து வருகிறது? அப்படி ஒன்று இருந்தால் அதை ஒன்பது வயதுக் காலுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

நான் கற்றது பயத்தில். ஏழு வயதில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். என் வாத்தியார் பெரிய வித்துவான். இன்று என் கையில் இருக்கும் ஒவ்வொரு ஜதியும் அவர் போட்ட பிச்சை. ஆனால் அவர் தட்டுக்கழி பலகையில் விழும்; கால் தப்பினால் காலில் விழும். இடது கணுக்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. மூன்றாம் காலம் என்றால் கழிக்கு முன்னால் ஓடுவது என்றுதான் என் உடம்பு புரிந்துகொண்டது. பதினாறு வயதில் அரங்கேற்றம் நடந்தது. கால் அத்தனை சுத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். தில்லானா ஆடும்போது என் மனதில் சுவாமி இல்லை, ராகம் இல்லை, கழி இருந்தது. அதற்குப் பின் பல வருஷம், யாரும் இல்லாத கூடத்தில் தனியாக ஆடினாலும் முதுகுக்குப் பின்னால் அது இருந்தது.

பயம் வேகத்தைத் தரும், கோபம் வலுவைத் தரும். இரண்டும் சீக்கிரம் பலன் காட்டுபவை என்பதால்தான் ஆசிரியர்களாகிய நாங்கள் அவற்றிடம் போகிறோம். விழா நெருங்கிவிடும், பெற்றோர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், கைதட்டல் எப்போதும் மூன்றாம் காலத்துக்குத்தான். ஒரு தகப்பனார் என்னிடம் வந்து, "பொண்ணு நல்லா அடிச்சு ஆடணும் டீச்சர், தைரியம் வரணும்" என்றார். அவர் ஆசையில் தவறில்லை. அடித்து ஆடுவதுதான் தைரியம் என்று அவருக்குக் காட்டியவர்கள் நாங்கள்தான்.

பரதத்தில் மூன்று காலம் என்றால் மெதுவாக, வேகமாக, இன்னும் வேகமாக என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். தாளம் வேகமாவதே இல்லை. முதல் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தட்டு, இரண்டாம் காலத்தில் அதே எண்ணிக்கைக்குள் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. அளவு அசையாமல் கிடக்கிறது. அதற்குள் கால் பெருகுகிறது. 'தெய்யா தெய்' என்று தட்டடவில் இதைப் பிடித்துவிட்டால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது தாங்கும். பிள்ளைகள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். மூன்றாம் காலம் வந்ததும் தாளத்தையே இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அரைமண்டி மெல்ல மெல்ல எழும்பும், தோள் காதுக்கு ஏறும், மூச்சு அடைபடும். 'காலப்பிரமாணம் ஓடுது' என்று மிருதங்கக்காரர் முகம் சுளிப்பார்.

அதற்கு நான் கண்ட மருந்து, காலை உயர்த்துவதைக் குறைப்பது. முதல் காலத்தில் பாதம் பின்பக்கமாக இடுப்பு வரை எழுந்து விழுகிறது. மூன்றாம் காலத்தில் அதற்கு நேரமில்லை. நான்கு விரல் உயரம் எழுந்தால் போதும். உயரம் குறையலாம், கனம் குறையக் கூடாது. கனம் எங்கிருந்து வரும்? கால் சதையை இறுக்கினால் வராது. இறுக்கின காலில் சத்தம் 'டப்' என்று வறட்டுச் சத்தமாக விழும், சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே வலிக்கும், சிமெண்டுத் தரையானால் கேட்கவே வேண்டாம். கணுக்காலைத் தளர விட்டு, அரைமண்டியில் உட்கார்ந்த உடம்பின் பாரம் முழுவதும் உள்ளங்கால் வழியே இறங்க விட்டால், பாதம் சமமாக விழுந்து நிறைந்த ஓசை வரும். பத்து வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும் நாள் எனக்குத் தெரிந்துவிடும். முகத்தில் ஒரு வியப்பு வரும். நாம் ஒன்றும் செய்யவில்லையே, எப்படி இவ்வளவு சத்தம் வந்தது என்பதுபோல.

காலுக்குத் தமிழில்தான் எத்தனை வினைகள். தட்டு, மிதி, உதை, அமுக்கு, ஊன்று. உதைக்க எதிரில் ஓர் ஆள் வேண்டும். மிதிக்கக் கீழே ஏதாவது கிடக்க வேண்டும். ஊன்றுவதற்கு யாரும் வேண்டாம், தரை போதும். வெண்டை விதையை ஊன்றுகிறோம். தாத்தா தடியை ஊன்றி நடக்கிறார். சைவர்கள் நடராஜரின் வலது பாதத்தை ஊன்றிய திருவடி என்றுதான் சொல்கிறார்கள். முயலகன் முதுகின் மேல் நிற்கும் காலுக்கு, மிதித்த திருவடி என்று பெயர் வைக்கத் தோன்றாமல் போனதே, அதை நான் பல வருஷம் கவனிக்கவே இல்லை. கவனித்த பிறகு வகுப்பில் 'நல்லா மிதி' என்று சொல்வதை விட்டேன்.

எல்லோர் கண்ணும் தூக்கிய பாதத்தின் மேல்தான் இருக்கும். ஊன்றிய காலைக் கவனித்தவன் ஒரு பாண்டியன். திருவிளையாடற் புராணத்தில் வரும் ராஜசேகர பாண்டியனுக்கு அறுபத்து மூன்று கலைகள் தெரியும், பரதம் மட்டும் தெரியாது. அதையும் கற்கப் போனான். கற்ற அன்று உடம்பெல்லாம் வலித்தது. அந்த வலியோடு வெள்ளியம்பலத்தில் போய் நின்றபோதுதான், இவர் எத்தனை காலமாக ஒரே காலில் நிற்கிறார் என்று அவனுக்கு உறைத்தது. கால் மாற்றி ஆடச் சொல்லி அழுதான். மதுரையில் மட்டும் இன்றும் இடது கால் ஊன்றி, வலது கால் தூக்கியிருக்கிறது. பிள்ளைகள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன். வலிமையாகத் தெரிவது எதுவும் தாங்குவதால்தான் நிற்கிறது என்பதை அந்த ராஜா தன் தொடையில் படித்தான்.

வலுவைப் பற்றி நான் நடத்தும் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ராவணன் கயிலையைத் தூக்கும் கதை. சம்பந்தர் தம் பெரும்பாலான பதிகங்களில் எட்டாவது பாட்டை ராவணனுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓதுவார் வாயிலாகவே அது பழக்கம். பத்துப் பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்தால் மலை. ஒரு பிள்ளை ராவணன், ஒரு பிள்ளை சிவன். ராவணன் யார் என்று கேட்டால் இருபது கையும் உயரும். தோளை உலுக்கலாம், பல்லைக் கடிக்கலாம், உறுமலாம், குதித்து மெட்டு அடவை மூன்றாம் காலத்தில் பொரிந்து தள்ளலாம். சிவனுக்கு ஆள் கிடைக்காது. சிவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கால் பெருவிரலை ஊன்றுவது.

அந்த விரலைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். முதலில் பிள்ளை விரலை விசுக்கென்று குத்தும். அதில் எரிச்சல்தான் தெரியும். கொசுவை நசுக்குவதுபோல் இருக்கும். அப்புறம், மெதுவாகச் செய் என்றால் பயந்தாற்போல் செய்யும். நான் அருகில் உட்கார்ந்து, முதுகெலும்பின் அடியிலிருந்து பாரம் இறங்கி இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று விரலுக்கு வந்து சேரும் வழியைக் கையால் தடவிக் காட்டுவேன். கண் ராவணனைப் பார்க்கக் கூடாது. தோள் அசையக் கூடாது. ஓர் ஆவர்த்தனம் முழுக்க, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும், விரல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் சரியாக வந்தது. மலையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள், நான் சொல்லாமலே, தலையைத் தாழ்த்தினார்கள். கத்திக்கொண்டிருந்த ராவணன் தானாக வாயை மூடினான். கூடத்தில் அப்படி ஒரு நிசப்தம். இத்தனைக்கும் அந்தச் சிவன் அவர்களில் மிகச் சிறியவள், இரண்டாம் வகுப்பு.

அந்த விரலில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்பதற்கு எனக்குப் பெயர் கிடைத்தது தொல்காப்பியத்தில். மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது; அதில் வெகுளி வேறு, பெருமிதம் வேறு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்காகக் காரணம் காட்டுகிறது. வெகுளி பிறப்பது உறுப்பை அறுத்தால், குடியைக் கெடுத்தால், அடித்து அலைக்கழித்தால், கொன்றால். நான்கும் அடுத்தவர் நமக்குச் செய்பவை. பெருமிதம் பிறப்பதோ கல்வியால், அஞ்சாமையால், புகழால், கொடையால். நான்கும் நம்மிடம் உள்ளவை. உரைகாரர்கள் பெருமிதத்தைத்தான் வீரம் என்கிறார்கள். வடமொழி நாட்டிய சாஸ்திரமும் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது: ரௌத்திரத்துக்கு அடிப்படை குரோதம், வீரத்துக்கு அடிப்படை உற்சாகம். நான் என் முருகனிடம் கேட்டது வெகுளியை. ஆகவே அவள் தன்னை அடித்தவனைத் தேடிப் போனாள். வேறு வழியில்லை, வெகுளிக்கு அடித்தவன் தேவை. பெருமிதத்தைக் கேட்டிருந்தால் அவள் தான் கற்ற அடவைத் தேடிப் போயிருப்பாள். வீரத்துக்குக் காரணமாகக் கல்வியை முதலில் வைத்த இலக்கணத்தை எழுதியவர் ஒரு நல்ல ஆசிரியராக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சிதம்பரத்துக்கு வருஷம் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போவேன். கோபுர வாசலின் இரண்டு பக்கச் சுவரிலும் 108 கரணங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோவில் மேல்தளத்தில் 81 கரணங்களைச் சிவபெருமானே ஆடுகிறார். சிதம்பரத்தில் ஆடுவது பெண்கள். தாண்டவம் ஆணுக்கு, லாஸ்யம் பெண்ணுக்கு என்று சொல்பவர்களை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கால் தலைக்கு மேல் போகிறது, உடம்பு வில்லாய் வளைகிறது, தூக்கிய பாதம் நெற்றியில் திலகமிடுவதுபோல் வந்து நிற்கிறது. போன தடவை ஒரு பையன் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒருத்தர் மூஞ்சிகூடக் கஷ்டமா இல்லையே டீச்சர்" என்றான். கல்லில் தேய்ந்த முகங்கள்தான். தேயாதவற்றிலும் அவன் சொன்னதுதான் உண்மை.

உள்ளே போனால் பொன்னம்பலத்தில் அதே முகம். மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கத்தை மனவாசகங் கடந்தார் செய்திருக்கிறார். அதில் ஐந்தொழிலும் அந்தத் திருமேனியில் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்கிறார். உடுக்கையில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், தீ ஏந்திய கையில் அழித்தல், தூக்கிய பாதத்தில் அருளல். ஊன்றிய பாதத்தில்? அழித்தல் அங்கே இல்லை. அங்கே இருப்பது மறைத்தல். முயலகனைக் கொல்வதற்காக அந்தக் கால் நிற்கவில்லை. சித்தாந்தம் மறைத்தலையும் அருளின் ஒரு வகை என்கிறது: உயிரைப் பற்றிய மலம் தன் வேலையைச் செய்து செய்து தேய்ந்து பக்குவப்படும் வரை அதை விட்டுப்பிடித்து நடத்துகிற அருள். கண்டிப்பாக வரும் கருணைக்கு மறக்கருணை என்று பெயர். என் பாட்டி சைவ சாத்திரம் படித்தவள் இல்லை, ஆனால் காய்ச்சல் கண்ட என்னை முழங்காலில் இடுக்கி, மூக்கைப் பிடித்துக் கஷாயம் புகட்டுவாள். அந்தப் பிடி இரும்புப் பிடி. அவள் முகத்தில் நான் ஒருநாளும் கோபத்தைப் பார்த்ததில்லை. மறக்கருணை என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு அந்த முழங்கால்தான் ஞாபகம் வந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, என்னைத் தடுமாற வைத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை. பல வருஷத்துக்கு முந்தைய கதை. அவளுக்குப் பன்னிரண்டு வயது. பாகப்பிரிவினைச் சண்டையில் சித்தப்பாக்கள் சேர்ந்து அவர்கள் குடும்பத்தைப் பிறந்த வீட்டிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். சாமான் எல்லாம் தெருவில் கிடந்ததைப் பிள்ளை நின்று பார்த்திருக்கிறாள். குடியைக் கெடுத்தால் வரும் வெகுளி என்று இலக்கணம் சொன்னது அவள் காலில் இருந்தது. மண்டி அடவில் முட்டி தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் எனக்குப் பதறும். தாளம் எங்கோ, அவள் எங்கோ. அவளிடம் போய், கோபம் வேண்டாம் கண்ணு, பெருமிதம் கொள்ளு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கோபம் நியாயமானது. நியாயமான கோபத்தை ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிக்கொள்வதும் அடிப்பதில் சேர்த்திதான்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது கலித்தொகையின் கடவுள் வாழ்த்து. முப்புரத்தை எரித்தபின் சிவன் ஆடும் கொடுகொட்டியும் பாண்டரங்கமும் அதில் வருகின்றன. உலகத்தில் அதைவிட உக்கிரமான ஆட்டம் இல்லை. அந்த நேரத்தில் தாளத்தின் தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் பிடித்துத் தருபவள் உமைதானோ என்று புலவர் கேட்கிறார். எரிகிறவனுக்குப் பக்கத்தில் அளவு வைத்திருக்கிற ஒருத்தி. ஆடாதே என்று அவள் சொல்லவில்லை. தணிந்துபோ என்றும் சொல்லவில்லை.

நட்டுவாங்கத் தாளத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். நான்கு மாதம் அவள் ஆடவில்லை. மற்றவர்கள் ஆட, அவள் தாளம் போட்டாள். முதல் வாரம் தாளத்தையும் அடித்து நொறுக்கினாள். இரும்பும் வெண்கலமும் மோதிக் காது கிழிந்தது. பிறகு, சிறு பிள்ளைகள் மூன்றாம் காலத்தில் ஓடத் தொடங்கியபோது அவளுக்கே பொறுக்கவில்லை. "ஓடாதீங்கடி! நான் இங்கதான இருக்கேன்!" என்று கத்தினாள். அந்த வாக்கியம் என் காதில் இன்னும் இருக்கிறது. ஐந்தாம் மாதம் அவளாக எழுந்து வந்து ஆடினாள். மண்டி அடவில் முட்டி அதே கனத்தோடு இறங்கியது, ஆனால் எண்ணிக்கையின் மேல் இறங்கியது. அவள் கோபம் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. வீடும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு இருக்க ஓர் இடம் கிடைத்தது. அவளுடைய கால் அதற்கு அடிமையாக இல்லை. நான் அவளுக்குச் செய்தது அதுதான். அதற்கு மேல் செய்யும் சக்தி ஒரு நாட்டிய ஆசிரியைக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசிக்கு வருகிறேன். என் முருகன் மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். எல்லோர் முன்னாலும் அவளிடம், "அன்னிக்கு நான் சொல்லிக்குடுத்தது தப்பு" என்றேன். பிள்ளைகளுக்கு அது ஏதோ வேடிக்கையாக இருந்தது, அவளுக்கு இல்லை. "அப்ப சூரனை என்ன பண்றது?" என்றாள்.

சிக்கல் சிங்காரவேலர் கோவிலைப் பற்றிச் சொன்னேன். சிக்கலில் வேல் வாங்கி செந்தூரில் சம்ஹாரம் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. சம்ஹாரத்துக்கு முந்தின நாள் அங்கே முருகன் வேல்நெடுங்கண்ணி அம்மனிடம் வேல் வாங்குவார். அந்த நேரத்தில் அவர் திருமுகத்தில் முத்து முத்தாய் வியர்க்கும். குருக்கள் பட்டுத் துணியால் ஒற்றி எடுப்பதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். சிறுமியாக அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். வியர்வை சூரனைக் குத்தும்போது வருவதில்லை, அம்மாவிடம் வேலை வாங்கும்போது வருகிறது. பாரம் அங்கேதான். ஆயுதத்தைக் கையில் ஏற்றுக்கொள்வதுதான் கடினம். அது முடிந்தபிறகு வேல் தன் வேலையைச் செய்கிறது. கந்தபுராணத்தில் சூரன் மாமரமாய் நிற்கிறான், வேல் அதைப் பிளக்கிறது, ஒரு பாதி சேவலாகவும் மறு பாதி மயிலாகவும் வருகிறது. சேவலைக் கொடியாக வைத்துக்கொள்கிறார். மயிலின் மேல் ஏறி உட்கார்கிறார். எதிரியின் முதுகில் நம்பிக்கையோடு ஏறி உட்கார முடிந்தவருக்கு அவன்மேல் என்ன கோபம் இருந்திருக்கும்?

உருப்படியை மாற்றினேன். குத்தும் இடத்துக்கு இருந்த பதினாறு எண்ணிக்கையை நான்காகக் குறைத்தேன். வேல் வாங்கும் இடத்துக்கு மூன்று ஆவர்த்தனம் கொடுத்தேன். அரைமண்டியில் இருந்தபடி இரண்டு கையையும் ஏந்தி, வேலின் கனம் முழங்கையில், தோளில், முதுகில், தொடையில் இறங்குவதை அவள் காட்ட வேண்டும். அட்டை வேலுக்கு ஏது கனம்? வீட்டிலிருந்த அம்மிக் குழவியை எடுத்துவந்து அவள் கையில் வைத்தேன். இரண்டு நாள் அதைத் தூக்கிப் பழகினாள். பிறகு அட்டையைத் தூக்கும்போதும் அவள் கை குழவியைத் தூக்கியது. அந்தக் கனத்தோடு அவள் மூன்றாம் காலத்தில் நான்கே அடி வைத்து வந்தாள். வேகமாகத்தான் வந்தாள், ஆனால் யாரையும் துரத்துவதுபோல் இல்லை.

சஷ்டி இரவு மழை தூறிக்கொண்டிருந்தது. கோவில் முன்மண்டபத்தில் இடம் குறைவு. சூரனாக ஆடிய பையனின் இடுப்பில், பின்பக்கம், மயில் தோகையைச் சுருட்டி நாடாவால் கட்டியிருந்தேன். வேல் பட்டதும் முடிச்சை உருவினால் தோகை விரியும். வேல் பட்டது. பையன் மாமரமாய் விரித்த கைகளை இறக்கி, முதுகுக்குப் பின்னால் விட்டு நாடாவை இழுத்தான். முடிச்சு இறுகிக்கொண்டது. மறுபடி இழுத்தான். மிருதங்கக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு இன்னோர் ஆவர்த்தனம் சேர்த்து வாசித்தார். பையனுக்கு உதடு துடிக்கத் தொடங்கிவிட்டது.

அவள் வலது கால் ஊன்றியபடியே இருந்தது. வேலை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முகம் மாறவில்லை. இடுப்பிலிருந்து மெல்லக் குனிந்து, எட்டு எண்ணிக்கைக்குள், அவன் முதுகில் இருந்த முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்த்துவிட்டாள்.